மைக்ரேனும் மாத்திரை நாள்களும்

தலைவலியோடு வரும் ஒருவரிடம் வலி எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று கேட்பதைவிட, கடந்த மூன்று மாதங்களில் மாதத்துக்கு எத்தனை நாள் வலி மாத்திரை போட்டீர்கள் என்று கேட்பதுதான் நரம்பியல் மருத்துவருக்கு அதிகம் பயன்படுகிறது. முதல் கேள்விக்கு எல்லாரிடமும் விடை இருக்கும். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலானோர் விரலை மடக்கி எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிடுவார்கள். மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலியின் போக்கைத் தீர்மானிக்கும் தகவல் பெரும்பாலும் அந்த எண்ணப்படாத நாள்களில்தான் இருக்கிறது. மாதம் இரண்டு முறை வந்துபோன வலி எப்படிச் சில ஆண்டுகளில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் வலியாக மாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, இந்த நோய் மூளையில் எப்படி நிகழ்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கு முன் நோயின் அளவைப் பற்றிச் சில செய்திகள். உலக நோய்ச்சுமை ஆய்வின் 2019-ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, மனிதர்களை இயல்பான வாழ்க்கையிலிருந்து முடக்கும் காரணங்களில் மைக்ரேன் இரண்டாம் இடத்தில் இருக்கிறது. இளம் பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் முதலிடம் அதற்குத்தான். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கர்நாடகத்தில் வீடு வீடாகச் சென்று நடத்திய கணக்கெடுப்பில், 18 முதல் 65 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ 25 விழுக்காட்டினருக்கு முந்தைய ஓராண்டில் மைக்ரேன் இருந்தது தெரியவந்தது. ஆண்களைவிடப் பெண்களிடம் அது அதிகமாக இருந்ததில் வியப்பில்லை. நகரத்தைவிடக் கிராமப்புறத்தில் அதிகமாக இருந்ததுதான் கவனிக்கத்தக்கது. கணினித் திரையும் அலுவலக நெருக்கடியும் கொண்டுவந்த நவீன நோய் இது என்ற பரவலான எண்ணத்தை அந்த முடிவு ஆதரிக்கவில்லை.

மைக்ரேனை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. நோயாளி சொல்லும் விவரங்களைக் கொண்டுதான் முடிவு செய்யப்படுகிறது. பன்னாட்டுத் தலைவலிச் சங்கத்தின் வகைப்பாட்டின்படி, ஆரா (வலிக்கு முன் சிலருக்கு வரும் பார்வைக் குலைவு போன்ற அறிகுறிகள்) இல்லாத மைக்ரேன் என்று சொல்ல, மருந்து எடுக்காவிட்டால் 4 முதல் 72 மணிநேரம் நீடிக்கும் வலி குறைந்தது ஐந்து முறையாவது வந்திருக்க வேண்டும். வலி ஒரு பக்கமாக இருப்பது, துடிப்பது, அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்குக் கடுமையாக இருப்பது, படியேறுவது போன்ற சாதாரண அசைவிலேயே கூடுவது ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். இவற்றோடு குமட்டல் அல்லது வாந்தி இருக்க வேண்டும். அல்லது வெளிச்சமும் சத்தமும் ஒருசேரப் பொறுக்க முடியாமல் போக வேண்டும். இரு பக்கமும் வலிக்கிறது என்பதாலேயே மைக்ரேன் இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது என்பது இதிலிருந்து தெளிவாகும். நடைமுறையில் மிகவும் உதவும் அடையாளம், நோயாளி வலியின்போது என்ன செய்கிறார் என்பதே: மைக்ரேன் உள்ளவர் அறையை இருட்டாக்கிக்கொண்டு அசையாமல் படுத்துவிடுவார்.

இவ்வளவு தெளிவான அளவுகோல் இருந்தும் இந்த நோய் வேறு பெயர்களில்தான் நம் வீடுகளில் ஆண்டுக்கணக்கில் உலவுகிறது. முதலில் சைனஸ். மைக்ரேன் தாக்குதலின்போது முகத்திலும் புருவத்துக்கு மேலும் வலிப்பதும், மூக்கு அடைத்து நீர் வடிவதும் உண்டு என்பதால், இந்தக் குழப்பம் நேர்வது இயல்பே. அமெரிக்காவில் தங்களுக்குச் சைனஸ் தலைவலி என்று தாங்களே கருதிய ஏறத்தாழ 3,000 பேரைப் பரிசோதித்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், 88 விழுக்காட்டினரின் தலைவலி மைக்ரேன் வகையைச் சேர்ந்ததாக இருந்தது. அடுத்தது கழுத்தெலும்புத் தேய்மானம். தாக்குதலுக்கு முன்னும் அதன்போதும் கழுத்து இறுகி வலிப்பது மைக்ரேனின் ஒரு பகுதி. நாற்பது வயதைக் கடந்தவரின் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் ஏதாவது தேய்மானம் தென்படுவதும் சாதாரணம். இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கழுத்துப் பட்டையோடு அலைபவர்கள் பலர். கண் பவர், பித்தம், இரத்த அழுத்தம் என்று பட்டியல் இன்னும் நீளும்.

தாக்குதல் என்பது வலி தொடங்கும் நொடியில் தொடங்குவதில்லை. பலருக்கு அதற்குச் சில மணிநேரம் முன்போ முந்தைய நாளோ காரணமில்லாத கொட்டாவி, எரிச்சல், இனிப்பின் மீது திடீர் ஆசை, அடிக்கடி சிறுநீர் கழித்தல், கழுத்து இறுக்கம் போன்றவை தோன்றுகின்றன. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் இந்தக் கட்டத்திலேயே வழக்கத்துக்கு மாறாக இயங்குவதை மூளைப் படங்கள் காட்டியிருக்கின்றன. நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மட்டும் அடுத்ததாக ஆரா வருகிறது: பார்வையின் ஓரிடத்தில் ஒளிப்புள்ளி தோன்றி, கோட்டை மதில் போன்ற வளைந்த கோடுகளாக மினுங்கி, 5 முதல் 60 நிமிடங்களுக்குள் விரிந்து மறையும். சிலருக்குக் கையிலும் வாயோரத்திலும் மரத்துப்போதலும் பேச்சுத் தடுமாற்றமும் ஏற்படலாம். அதன் பின் வலி. வலி தணிந்த பிறகும் ஒருநாள் வரை நீடிக்கும் சோர்வும் மந்தமும். அலுவலகத்தில் ஒருநாள் விடுப்பு எடுத்தவர் மறுநாள் வந்து உட்கார்ந்தும் வேலை ஓடாமல் தவிப்பது இந்தக் கடைசிக் கட்டத்தால்தான்.

ஆராவின் மர்மத்தை அவிழ்த்த கதை அறிவியல் வரலாற்றில் அழகான ஒன்று. உளவியலாளர் கார்ல் லாஷ்லி தமக்கு வந்த ஆராவின் எல்லைகளை அவ்வப்போது தாளில் வரைந்துவைத்து, அந்தக் குலைவு மூளையின் பார்வைப் புறணியில் (பார்வையைக் கையாளும் மேலடுக்கில்) நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்வதாக இருக்க வேண்டும் என்று 1941-இல் கணக்கிட்டார். பிரேசிலைச் சேர்ந்த அரிஸ்டிடெஸ் லியாவோ ஹார்வர்டில் வலிப்பு நோயைப் பற்றி ஆராய வந்தவர். முயலின் மூளைப் புறணியைத் தூண்டியபோது நரம்பணுக்களின் மின்செயல்பாடு ஓரிடத்தில் அடங்கி, அந்த அடக்கம் ஏறத்தாழ அதே மெதுவான வேகத்தில் அலையாகப் பரவுவதைக் கண்டு 1944-இல் வெளியிட்டார். ஒருவர் தாளில் கணக்கிட்டதும் மற்றவர் கருவியில் கண்டதும் ஒரே நிகழ்வு என்பதை உறுதிசெய்ய, மனித மூளையைப் படமெடுக்கும் கருவிகள் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வலியின் கதை வேறு. மூளைத் திசுவுக்கு வலியுணர்வு கிடையாது. அதைப் போர்த்தியிருக்கும் உறைகளுக்கும் அவற்றின் இரத்தக் குழாய்களுக்கும் உண்டு. அங்கிருந்து வலிச் செய்தியைக் கொண்டுசெல்வது முகத்துக்கு உணர்வூட்டும் முக்கிளை நரம்பு. குழாய்கள் விரிவதுதான் வலிக்குக் காரணம் என்ற அமெரிக்க நரம்பியலாளர் ஹெரால்டு வுல்ஃபின் கருத்து பல பத்தாண்டுகள் கோலோச்சியது. இப்போது குழாய் விரிவு பக்க நிகழ்வாகவும், இந்த நரம்பின் முனைகளிலிருந்து கசியும் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதக் கூறு மையமாகவும் கருதப்படுகின்றன. தாக்குதலின்போது கழுத்துச் சிரை இரத்தத்தில் அதன் அளவு உயர்வதை 1990-இல் பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் காட்டினர். மைக்ரேன் உள்ளவர்களுக்கு அதே பொருளை ஊசியில் செலுத்தினால் தாக்குதல் வருகிறது என்பதை 2002-இல் டென்மார்க்கின் யெஸ் ஒலேசன் குழுவினர் காட்டினர். இவர்கள் மூவருக்கும், முக்கிளை நரம்பின் பங்கை முதலில் வலியுறுத்திய மைக்கேல் மாஸ்கோவிட்ஸுக்கும் 2021-ஆம் ஆண்டின் 'மூளைப் பரிசு' பகிர்ந்தளிக்கப்பட்டது.

சிகிச்சைக்கு நேரடியாகப் பயன்படும் செய்தி ஒன்றும் இந்த உடலியலில் இருக்கிறது. நரம்பு முனைகளில் தொடங்கும் தூண்டல், நேரம் செல்லச் செல்ல மூளைத்தண்டிலும் அதற்கு மேலும் உள்ள நரம்பணுக்களைக் கிளர்ச்சியூட்டிவிடுகிறது. அப்போது தலைவாரினாலும், மூக்குக் கண்ணாடி பட்டாலும், தலையணையில் சாய்ந்தாலும் தோல் வலிக்கும். இந்தக் கட்டத்துக்குள் நுழைந்துவிட்ட வலிக்கு மருந்துகள் முன்போல் கேட்பதில்லை. கூடவே தாக்குதலின்போது இரைப்பையின் இயக்கமும் மந்தமாகிவிடுவதால், விழுங்கிய மாத்திரை குடலுக்குப் போய்ச் சேரவே தாமதமாகிறது. 'முடிந்தவரை தாங்கிப் பார்த்துவிட்டு, முடியாமல் போனால் மாத்திரை போடலாம்' என்று நம் குடும்பங்களில் சொல்லப்படும் அறிவுரை பொறுமையைப் பெருமையாகக் கருதும் பழக்கத்திலிருந்து வந்திருக்கலாம். மைக்ரேனைப் பொறுத்தவரை அது நோயாளிக்கு எதிரான அறிவுரை.

எனவே, இன்று வந்திருப்பது மைக்ரேன் என்று தெரிந்தவுடன், வலி மிதமாக இருக்கும்போதே, போதிய அளவில் மருந்தை எடுத்துவிட வேண்டும். பாரசிட்டமால், இபுப்ரோஃபன், நாப்ராக்ஸன், ஆஸ்பிரின் ஆகியவற்றில் ஒன்று பலருக்குப் போதுமானது. குமட்டல் உள்ளவர்களுக்கு டோம்பெரிடோன் அல்லது மெட்டோகுளோப்ரமைடு சேர்த்துத் தரப்படுகிறது. எது, எவ்வளவு என்பதை வயிற்றுப் புண், சிறுநீரகம், ஆஸ்துமா ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் ஒருமுறை முடிவு செய்து எழுதித் தந்துவிட்டால், அதன் பின் ஒவ்வொரு தாக்குதலுக்கும் அவரிடம் ஓட வேண்டியதில்லை. மழைக்காலத்தில் காய்ச்சலோடு வரும் தலைவலியை மட்டும் மைக்ரேன் கணக்கில் சேர்க்கக் கூடாது. டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரினும் இபுப்ரோஃபனும் இரத்தக்கசிவுக்கு வழிவகுக்கும்.

இவை கேட்காதபோது டிரிப்டான் வகை மருந்துகள் இருக்கின்றன. அவற்றுள் முதலாவதான சுமாட்ரிப்டான் 1991-இல் விற்பனைக்கு வந்தது. மைக்ரேனுக்கென்றே திட்டமிட்டு உருவாக்கப்பட்ட மருந்து என்ற வகையில் அது ஒரு திருப்புமுனை. இதயக் குழாய் அடைப்பு, பக்கவாதம், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் ஆகியவை உள்ளவர்களுக்கு இது கூடாது. அதற்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த எர்கோட்டமின், கஃபீனும் பாரசிட்டமாலும் கலந்த கூட்டு மாத்திரையாக இன்றும் நம் ஊர் மருந்துக் கடைகளில் தாராளமாகக் கைமாறுகிறது. இரத்தக் குழாய்களைக் கடுமையாகச் சுருக்கும் இந்த மருந்தை எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க் கொல்லிகளோடு சேர்த்து எடுத்தால் கைகால் விரல்களுக்கு இரத்த ஓட்டம் நின்றுபோகும் ஆபத்து உண்டு. சளிக்கு ஒரு கடையிலும் தலைவலிக்கு இன்னொரு கடையிலும் சீட்டில்லாமல் மருந்து வாங்குகிறவருக்கு இதைச் சொல்ல யாரும் இருப்பதில்லை.

மாத்திரை நாள்களின் கணக்கு இங்கேதான் வருகிறது. சாதாரண வலி மாத்திரைகளை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, டிரிப்டான், எர்கோட்டமின், ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து), கூட்டு மாத்திரைகள் ஆகியவற்றை மாதம் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து எடுக்கும் மைக்ரேன் நோயாளிக்கு, அந்த மருந்தே தலைவலியை உண்டாக்கத் தொடங்கலாம். பன்னாட்டு வகைப்பாட்டில் இது தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. கணக்கில் கொள்ளப்படுவது மாத்திரைகளின் எண்ணிக்கை அன்று, அவை எடுக்கப்பட்ட நாள்களின் எண்ணிக்கை என்பதைக் கவனிக்க வேண்டும்: ஒரே நாளில் இரண்டு மாத்திரை போட்டவரைவிட, தினமும் அரை மாத்திரை போடுபவருக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். மூட்டுவலிக்காக அதே மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுப்பவருக்கு, மைக்ரேன் போன்ற தலைவலி முன்பே இல்லையென்றால், பொதுவாகத் தலைவலி வருவதில்லை. ஆகவே மருந்து மட்டும் இதற்குக் காரணமில்லை. மைக்ரேன் இயல்புடைய மூளை அந்த மருந்துக்குப் பழகிப்போகும் விதமும் சேர்ந்தே இதை உருவாக்குகிறது.

காலையில் எழும்போதே வலி, மாத்திரை போட்டால் சில மணிநேரம் விடுதலை, மீண்டும் வலி, பயந்துபோய் அடுத்த மாத்திரை என்று சுழலும் இந்த நிலையில் இருப்பவர், மாத்திரை இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ என்றுதான் நினைக்கிறார். சுழலிலிருந்து வெளியேற அந்த மருந்தை நிறுத்துவதே வழி. நிறுத்திய பிறகு ஓரிரு நாளிலிருந்து பத்து நாள் வரை வலி முன்னிலும் மோசமாகும். இதை முன்கூட்டியே சொல்லாமல் நிறுத்தச் சொல்லும் மருத்துவரை நோயாளி அடுத்த வாரம் மாற்றிவிடுவார். சாதாரண வலி மாத்திரைகளை உடனடியாக நிறுத்திவிடலாம். டிரமடால் போன்ற ஓபியாய்டுகளை மருத்துவரின் கண்காணிப்பில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தடுப்பு மருந்தையும் இதனோடு சேர்த்தே தொடங்குவது இன்று வழக்கமாகியிருக்கிறது.

தடுப்பு மருந்து என்ற இரண்டாவது பாதை இருப்பதே பலருக்குத் தெரியவில்லை என்பதுதான் நம் சூழலின் பெரிய குறை என்று எனக்குத் தோன்றுகிறது. மாதத்தில் நான்கு நாளோ அதற்கு மேலோ தாக்குதல் வருபவர்களும், குறைவாக வந்தாலும் முழுதாக முடங்கிப்போகிறவர்களும் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் எடுக்க வேண்டியவை இவை. புரோபிரனலால், அமிட்ரிப்டிலின், டோபிராமேட், ஃபுளூனரிசின் ஆகியவை இந்தியாவில் அதிகம் எழுதப்படுகின்றன. இவற்றின் விலையும் பெரிதில்லை. மைக்ரேனுக்கென்று கண்டுபிடிக்கப்படாமல், வேறு நோய்களுக்குப் பயன்பட்டபோது தற்செயலாக இந்தப் பலன் தெரியவந்த மருந்துகளும் இவற்றில் உண்டு. அதனால் ஒரு சிக்கல் நேர்கிறது. மருந்தின் பெயரைக் கைப்பேசியில் தேடிப் பார்க்கும் நோயாளி, 'மனச்சோர்வுக்கானது', 'வலிப்புக்கானது' என்று படித்ததும் பதறி நிறுத்திவிடுகிறார். மருந்துச் சீட்டில் ஒரு வரி கூடுதலாக எழுதினால் தவிர்க்கக்கூடிய சிக்கல் இது.

ஆஸ்துமா உள்ளவருக்குப் புரோபிரனலால் கூடாது. அமிட்ரிப்டிலின் தூக்கத்தையும் வாய் வறட்சியையும் தரும் என்பதால் இரவில் குறைந்த அளவில் தொடங்கப்படுகிறது. டோபிராமேட் எடையைக் குறைக்கும். விரல் நுனிகளில் சுரீரென்ற உணர்வையும் சொற்கள் சட்டென வாயில் வராத தடுமாற்றத்தையும் தரலாம். ஃபுளூனரிசின் எடையைக் கூட்டும். முதியவர்களுக்கு நடுக்கத்தையும் இறுக்கத்தையும் உண்டாக்கலாம். எதுவாயினும் உரிய அளவை எட்டிய பின் இரண்டு, மூன்று மாதங்களாவது பொறுத்துத்தான் பலனை மதிப்பிட வேண்டும்; தலைவலி நாள்கள் பாதியாகக் குறைந்தால் அது வெற்றி. மாதம் 15 நாளும் அதற்கு மேலும் தலைவலி உள்ள நாள்பட்ட மைக்ரேனுக்கு, 12 வாரங்களுக்கு ஒருமுறை தலையிலும் கழுத்திலும் போடப்படும் போடாக்ஸ் ஊசிகள் 2010-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. சி.ஜி.ஆர்.பி.யைத் தடுக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) ஊசிகளில் முதலாவதான எரெனுமாப் 2018-இல் வந்தது. பக்கவிளைவு குறைந்த இந்தப் புதிய மருந்துகளின் விலை நம் நாட்டில் பெரும்பாலோரின் கைக்கு எட்டுவதாக இல்லை.

தூண்டுதல்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆனால் இதற்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் முக்கியத்துவம் மிகை என்றே கருதுகிறேன். சாப்பாட்டு நேரம் தள்ளிப்போதல், விரதம், தூக்கம் குறைதலும் விடுமுறை நாளில் கூடுதலும், வெயில், கடும் மணங்கள், தினமும் குடிக்கும் காப்பி ஒருநாள் கிடைக்காமல் போதல், மாதவிடாய்க்கு முன் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சரிதல் ஆகியவை பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்டவை. மேலைநாட்டுப் பட்டியல்களில் இல்லாத ஒன்றை மும்பையின் தலைவலி மருத்துவர் கே. ரவிசங்கர் 2006-இல் 94 நோயாளிகளின் விவரங்களோடு பதிவுசெய்தார்: தலைக்குக் குளித்தல். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வேலைக்கு ஓடிய நம் பெண்களுக்கு இதற்கு எந்த ஆய்வும் தேவைப்பட்டிருக்காது. உணவைப் பொறுத்தவரை எச்சரிக்கை தேவை. சாக்லேட் சாப்பிட்டதால் வலி வந்தது என்று நினைக்கும் பலருக்கு, இனிப்பாசையே தாக்குதலின் முதற்கட்டமாக இருந்திருக்கலாம். ஐயத்தின் பேரில் ஒவ்வோர் உணவாக விலக்கிக்கொண்டே போய்ப் பட்டினி கிடப்பது, தெரிந்த தூண்டுதல் ஒன்றைத் தெரிந்தே வரவழைப்பதாகிவிடும். நேரத்துக்குச் சாப்பிடுவது, ஒரே நேரத்தில் தூங்கி எழுவது, முறையான உடற்பயிற்சி ஆகியவை அதைவிடப் பயன் தருபவை. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 114 பேரிடம் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வில், மருந்தோடு யோகாவும் சேர்த்துச் செய்தவர்களுக்கு மருந்து மட்டும் எடுத்தவர்களைவிடத் தாக்குதல்கள் குறைந்தன. மருந்துக்குப் பதிலாக யோகா என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

பெண்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஆராவுடன் கூடிய மைக்ரேன் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சற்றுக் கூடுதல். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை அதை மேலும் கூட்டுவதால், அவர்கள் அவ்வகை மாத்திரையை எடுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. மாதவிடாயைத் தள்ளிப்போடவோ சீராக்கவோ மாத்திரை கேட்கும்போதும் ஆராவைப் பற்றி மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. இரண்டாவதாக, தடுப்பு மருந்துகளில் வால்புரோயேட் கருவில் இருக்கும் குழந்தைக்குக் கடும் பாதிப்பை உண்டாக்கும், டோபிராமேட்டும் பாதுகாப்பானதன்று. குழந்தை பெறும் வயதில் இருப்பவர்கள் கருவுறத் திட்டமிடும் முன்பே மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். கருவுற்ற பின், குறிப்பாக நான்காம் மாதத்துக்கு மேல், பலருக்கு மைக்ரேன் தானாகவே தணிந்துவிடும்.

எல்லாத் தலைவலியும் மைக்ரேன் இல்லை. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் இடிபோன்ற வலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி, கைகால் பலவீனமோ வலிப்போ மயக்கமோ சேர்ந்த வலி, 50 வயதுக்கு மேல் முதன்முறையாகத் தொடங்கும் வலி, புற்றுநோய் உள்ளவருக்கு வரும் புதுவகை வலி ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மகப்பேற்றுக்குப் பின் சில வாரங்களுக்குள் விடாமல் தலை வலித்தால் மூளைச் சிரைகளில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். நீர்ச்சத்துக் குறைவு இதைக் கூட்டும் என்பதால், பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் பத்திய வழக்கம் உள்ள வீடுகளில் இதை அறிந்திருப்பது நல்லது. இத்தகைய அறிகுறி எதுவும் இல்லாமல், பல ஆண்டுகளாக ஒரே விதமாக வந்துபோகும் மைக்ரேனுக்கு, மருத்துவரின் பரிசோதனையும் இயல்பாக இருந்தால் ஸ்கேன் தேவைப்படுவதில்லை. வற்புறுத்தி எடுக்கப்படும் ஸ்கேன் இயல்பாக வந்தவுடன், 'ஒன்றுமில்லை, எல்லாம் மனம்தான்' என்று வீட்டார் முடிவுகட்டிவிடுவதும் உண்டு. மைக்ரேன் உள்ளவரின் ஸ்கேன் பெரும்பாலும் இயல்பாகத்தான் இருக்கும். பிற நோய்கள் இல்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது.